எந்த பிராசஸ் எந்தக் கோரில்? கிளஸ்டரில் இடம் பிடிக்கும் கணக்கு

ஒரே நிரல், ஒரே உள்ளீடு, ஒரே மாதிரி 40 கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட நோடு, அதாவது கிளஸ்டர் என்னும் கணினிக் கூட்டத்தில் ஒரு கணினி. போன வாரம் 6 மணி நேரத்தில் முடிந்த கணக்கு இந்த வாரம் 10 மணி நேரம் ஆகியும் முடியவில்லை. பிழைச்செய்தி ஏதும் இல்லை. ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் பார்த்தால் எல்லா பிராசஸும் (ஓடும் நிரலின் ஒவ்வொரு பிரதியும்) 100 சதவீதம் காட்டுகின்றன. கடைசியில் வரும் விடையும் சரியாகவே இருக்கிறது. மாறியது நேரம் மட்டும்தான்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் அழகப்பா பல்கலைக்கழகமும் அழகப்பர் அரசு பொறியியல் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மின்கலப் பொருட்கள், வினையூக்கிப் பரப்புகள் போன்றவற்றைக் கணினியில் கணக்கிடும் மாணவர்களுக்கு மேலே சொன்ன குழப்பம் புதிதல்ல. துறையில் இருக்கும் சிறு கிளஸ்டரானாலும் சரி, 2022 மே மாதம் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் திறக்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுள்ள பரம் பொருள் போன்ற பெரிய இயந்திரமானாலும் சரி, காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிராசஸ்கள் எந்தக் கோரில் போய் உட்கார்ந்தன என்பதை யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

(கட்டளைகளையும் தேர்வுகளையும் இங்கே ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் அடிக்கும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.)

நோடுக்குள் என்ன இருக்கிறது

இரண்டு வளவு (நடு முற்றம்) கொண்ட ஒரு செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவைச் சுற்றி அறைகள், ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான மகனின் தனிக் குடும்பத்துக்கும்) ஒன்று. மணமான மகனை வேறு வைத்துவிட்டால் அவனுக்கு அடுப்பு தனி, வரவு செலவு தனி. வளவும் கிணறும் மட்டும் பொது. கணினி நோடும் இப்படித்தான்.

1. வளவு என்பது சாக்கெட், அதாவது ஒரு சிப். நோடில் வழக்கமாக இரண்டு சாக்கெட்.
2. அறை என்பது கோர். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக முதல் நிலை, இரண்டாம் நிலை கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) உண்டு. மூன்றாம் நிலை கேஷ் அந்த சாக்கெட்டில் இருப்பவர்களுக்குப் பொது.
3. கிணறு என்பது அந்த சாக்கெட்டோடு நேரடியாக இணைந்த நினைவகம்.
4. புள்ளி என்பது பிராசஸ். நினைவக முகவரிகள் அதற்குத் தனி. இன்னொரு பிராசஸுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எம்பிஐ என்ற செய்திப் பரிமாற்ற நூலகம் வழியாகச் செய்தி அனுப்ப வேண்டும்.
5. அந்தப் புள்ளிக்குள் இருக்கும் ஆட்கள் திரெட்கள். வரவு செலவு ஒன்றுதான், வேலை செய்யும் கைகள் பல.

அடுத்த வளவின் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கலாம், யாரும் தடுப்பதில்லை. நடை மட்டும் அதிகம். இந்த அமைப்புக்கு நூமா என்று பெயர். நியூமாசிடிஎல் கட்டளையை ஹார்டுவேர் தேர்வோடு ஓட்டினால் ஒரு தூரப் பட்டியல் வரும். சொந்த நினைவகத்துக்கு 10, மறு சாக்கெட்டுக்கு 21 என்பது இன்டெல் இரட்டை சாக்கெட் இயந்திரங்களில் அடிக்கடி காணும் எண்கள். அவற்றை நானோ நொடி என்று படிக்கக்கூடாது. ஃபர்ம்வேர் (வன்பொருளோடு வரும் அடிப்படை நிரல்) தரும் ஒப்பீட்டு எண்கள் அவை, அளந்து சொன்னவை அல்ல.

தாமதத்தைவிடப் பெரிய தலைவலி கிணற்றின் கொள்ளளவு. டிடிஆர்4-2933 நினைவகத்தில் ஒரு சேனல் (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை) நொடிக்கு 2933 மில்லியன் முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் தரும். அதாவது சுமார் 23.5 ஜிபி. சாக்கெட்டுக்கு 6 சேனல் என்றால் சுமார் 140 ஜிபி, இரண்டுக்கும் சேர்த்து 280. இது ஏட்டுக் கணக்கு, கைக்கு வருவது இதைவிடக் குறைவு. இப்போது 40 கோர் நோடில் 20 பிராசஸ் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். இருபதும் ஒரே சாக்கெட்டில் குவிந்தால் ஆளுக்கு 7 ஜிபி. பத்துப் பத்தாகப் பிரிந்தால் ஆளுக்கு 14. நினைவகத்தை நம்பி ஓடும் நிரலுக்கு, செலவே இல்லாமல் பங்கு இரட்டிப்பாகிறது.

சொல்லாமல் விட்டால் லினக்ஸ் என்ன செய்யும்

லினக்ஸின் ஷெட்யூலர் (எந்த வேலை எந்தக் கோரில் என்று தீர்மானிக்கும் பகுதி) பொதுவான வேலைகளுக்கு எழுதப்பட்டது. எந்தக் கோர் சும்மா இருக்கிறதோ அங்கே வேலையைத் தள்ளும். வலை உலாவிக்கும் தரவுத்தளத்துக்கும் அது நல்ல குணம். 40 பிராசஸும் ஒரே தாளத்தில் ஓடி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் எம்பிஐ நிரலுக்கு அது ஆகாது. ஒரு பிராசஸ் இடம் மாறினால் பழைய கோரின் கேஷில் சேர்த்து வைத்ததெல்லாம் வீண். சாக்கெட்டே மாறிவிட்டால் அதன் நினைவகம் பழைய வளவிலேயே கிடக்க, ஆள் மட்டும் புது வளவில் இருப்பான். பின்தங்கியது ஒரே ஒரு பிராசஸ்தான் என்றாலும் மற்ற 39-ம் அதற்காகக் காத்து நிற்கும். காத்திருக்கும்போதும் எம்பிஐ நூலகம் பொதுவாகச் சுழன்றுகொண்டே செய்தி வந்ததா என்று பார்ப்பதால் டாப்பில் 100 சதவீதம் தெரிகிறது. அந்த எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

மூன்று முடிவுகள், மூன்றும் வேறு வேறு

"பைண்டிங் போட்டாச்சு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் போட்டிருப்பார்கள்.

1. மேப்பிங்: எத்தனை பிராசஸ், எந்த நோடில், எந்த சாக்கெட்டில்? வீட்டில் யாருக்கு எந்த வளவு என்று ஒதுக்குவது.
2. ராங்கிங்: ஒதுக்கிய இடங்களில் 0, 1, 2 என்ற ராங்க் எண்கள் (ஒவ்வொரு பிராசஸுக்கும் எம்பிஐ தரும் எண்) எந்த வரிசையில் விழ வேண்டும்?
3. பைண்டிங்: ஒதுக்கிய இடத்தை விட்டு நகராமல் கட்டுவது. ஒரே கோரில் கட்டலாம், ஒரு சாக்கெட் முழுதும் உலவ விடலாம், கட்டாமலும் விடலாம்.

எம்பிஐ நூலகங்களில் ஒன்றான ஓப்பன் எம்பிஐயில் மேப்-பை, ராங்க்-பை, பைண்ட்-டு என்று மூன்றுக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. ஸ்லர்ம் (கிளஸ்டரில் வேலைகளை வரிசையில் நிறுத்தி இடம் ஒதுக்கும் மென்பொருள்) வரிசையில், வேலையைக் கிளப்பும் எஸ்ரன் கட்டளையோடு டிஸ்ட்ரிபியூஷன், சிபியு-பைண்ட் ஆகியவை இதே வேலையைச் செய்கின்றன. இன்டெல் எம்பிஐயில் பெரும்பாலும் ஐ_எம்பிஐ_பின்_டொமைன் என்ற சூழல் மாறி வழியாகச் சொல்ல வேண்டும்.

மேப்பிங்கில் சேர்த்து வைப்பதா, பரப்பி வைப்பதா என்பதுதான் கேள்வி. நினைவகத்தை அதிகம் இழுக்கும் நிரல் என்றால் பரப்புங்கள். சின்னச் சின்னச் செய்திகளை ஓயாமல் பரிமாறும் நிரல், தரவு கேஷுக்குள் அடங்குகிறது என்றால் சேர்த்து வையுங்கள். நோடை முழுதாக நிரப்பும்போது இந்தக் கேள்வியே எழாது. அங்கே ராங்கிங்தான் விளையாடும்.

ராங்க் எண் எங்கே விழுகிறது

இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இரண்டு நோடு, நோடுக்கு இரண்டு சாக்கெட், சாக்கெட்டுக்கு இரண்டு பிராசஸ், ஆக எட்டு. ஒவ்வொரு ராங்கும் அடுத்த எண்ணோடு பேசுகிறது: 0 உடன் 1, 1 உடன் 2 என்று ஏழு இணைப்புகள்.

கோர் வாரியாக எண் போட்டால் முதல் நோடின் சாக்கெட்டுகளில் 0,1 மற்றும் 2,3. இரண்டாம் நோடில் 4,5 மற்றும் 6,7. ஏழு இணைப்புகளில் நான்கு ஒரே சாக்கெட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு சாக்கெட் தாண்டும், ஒன்று மட்டும் நோடு தாண்டும்.

சாக்கெட் வாரியாகப் போட்டால் முதல் நோடில் 0,2 மற்றும் 1,3. இரண்டாம் நோடில் 4,6 மற்றும் 5,7. இப்போது ஒரே சாக்கெட்டுக்குள் பேசும் இணைப்பு ஒன்றுகூட இல்லை. ஆறு சாக்கெட் தாண்டும், ஒன்று நோடு தாண்டும்.

சாக்கெட் வாரியாக, ஆனால் எல்லா நோடுகளையும் ஒரே பரப்பாகக் கருதி (ஸ்பேன் என்ற துணைத்தேர்வு) போட்டால் முதல் நோடில் 0,4 மற்றும் 1,5. இரண்டாம் நோடில் 2,6 மற்றும் 3,7. நோடு தாண்டும் இணைப்பு மூன்றாகிவிடும், அதாவது வலைப்பின்னல் வழியாகப் போகும் செய்தி மூன்று மடங்கு.

மூன்றிலும் எட்டு பிராசஸ்கள் எட்டுக் கோர்களில்தான் இருக்கின்றன. மேப்பிங்கை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

பொருட்களின் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெசோ நிரலை ஓட்டுபவர்களுக்கு இது நேரடியாகவே பொருந்தும். 40 ராங்கை இரண்டு பூலாக (குழுவாக) பிரித்தால் 0 முதல் 19 வரை ஒரு பூல், 20 முதல் 39 வரை மற்றொன்று. எண் வரிசையிலேயே வெட்டுகிறது. ஃபூரியர் மாற்றத்தின்போது எல்லோரும் எல்லோருடனும் பேசும் கனமான பேச்சு பூலுக்குள்ளேயே நடக்கிறது. பூல்களுக்கு இடையே பேச்சு குறைவு. எண்கள் கோர் வாரியாக விழுந்தால் ஆளுக்கு ஒரு சாக்கெட் என்று பூல்கள் அழகாக உட்காரும். ஒன்றுவிட்டு ஒன்றாக விழுந்தால் இரண்டு பூலும் இரண்டு சாக்கெட்டிலும் சிதறிக் கிடக்கும். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம், ஓப்பன் எம்பிஐ 4-ஆம் பதிப்பு வரை ராங்க்-பை கோர் என்று சேர்த்தால் போதும் (5-ஆம் பதிப்பில் அதற்கு ராங்க்-பை ஃபில்).

பைண்டிங்: எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது

பைண்டிங் என்பது இயங்குதளத்திடம் "இந்த பிராசஸ் இன்னின்ன கோர்களில் மட்டும் ஓடலாம்" என்று ஒரு முகமூடி (அனுமதிப் பட்டியல்) கொடுப்பது. பிராசஸ் உருவாக்கும் திரெட்கள் எல்லாம் அதே முகமூடியை மரபாகப் பெறுகின்றன. பல விபத்துகளுக்கு வேர் இதுதான்.

ஓப்பன் எம்பிஐ 1.8 முதல், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் அதுவே கட்டுகிறது. பிராசஸ் எண்ணிக்கை 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒரு கோரில். அதற்கு மேல் என்றால் சாக்கெட் அளவில். (5-ஆம் பதிப்பில் சாக்கெட்டுக்கு பேக்கேஜ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.) இதனால் வரும் வினை என்ன? சாக்கெட்டுக்கு ஒரு பிராசஸ், பிராசஸுக்கு 20 திரெட் என்று ஒருவர் திட்டமிட்டு, எண்ணிக்கை 2 என்று மட்டும் கொடுத்து ஓட்டுகிறார். இரண்டுதான் என்பதால் ஒவ்வொன்றும் ஒரே கோரில் கட்டப்படுகிறது. 20 திரெட்டும் அந்த ஒரு கோருக்குள் முண்டியடிக்க, 38 கோர் சும்மா கிடக்கின்றன. சோதனைக்காக 4 பிராசஸில் ஓட்டிப் பார்த்தபோது வேகமாக ஓடியிருக்கும், அதனால் சந்தேகம் நிரலின் மேல் போகும்.

சரியான வழி, ஒவ்வொரு பிராசஸுக்கும் எத்தனை கோர் என்று சொல்லிவிடுவது: மேப்-பை தேர்வில் பிபிஆர்:1:சாக்கெட்:பிஈ=20. அதாவது சாக்கெட்டுக்கு 1 பிராசஸ், அதற்கு 20 கோர். நான்கு பிராசஸ், தலா 10 திரெட் என்றால் பிபிஆர்:2:சாக்கெட்:பிஈ=10. அதற்குப் பிறகு அந்தக் கோர்களுக்குள் திரெட்களைக் கட்ட, ஓப்பன்எம்பி (திரெட்களை உருவாக்கும் முறை) படிக்கும் ஓஎம்பி_பிளேசஸ் மாறிக்கு கோர்ஸ் என்றும், ஓஎம்பி_பிராக்_பைண்ட் மாறிக்கு குளோஸ் என்றும் மதிப்பு கொடுங்கள்.

திரெட் எண்ணிக்கையைத் தேர்வு செய்யும்போது சாக்கெட்டின் கோர் எண்ணிக்கை அதனால் மீதியின்றி வகுபட வேண்டும். 20 கோருக்கு 2, 4, 5, 10, 20 சரி. 8 போட்டால்? ஐந்து பிராசஸ், தலா 8 திரெட், மொத்தம் 40 என்று கணக்கு ஒத்துவரும்தான். ஆனால் மூன்றாவது பிராசஸுக்கு 16 முதல் 23 வரையிலான கோர்கள் கிடைக்கும். நான்கு இந்த வளவில், நான்கு அந்த வளவில். மற்ற நான்கு பிராசஸும் வேகமாக முடித்துவிட்டு அதற்காகக் காத்திருக்கும்.

இன்னொரு கண்ணி: ஓஎம்பி_நம்_திரெட்ஸ் மாறிக்கு மதிப்பே கொடுக்காமல் விடுவது. ஓப்பன்பிளாஸ் போன்ற கணித நூலகம் கண்ணில் படும் கோர்களின் எண்ணிக்கைக்குத் திரெட் எழுப்பும். கட்டப்படாத 40 பிராசஸ், தலா 40 திரெட் என்றால் 40 கோரில் 1600 திரெட். எம்பிஐ மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதற்கு 1 என்று எழுதிவிடுங்கள்.

முதலில் தொட்டவருக்கே சொந்தம்

பிராசஸைக் கட்டியாகிவிட்டது, திரெட்டையும் கட்டியாகிவிட்டது. இன்னும் மெதுவாக இருக்கிறது என்றால் நினைவகம் எங்கே உட்கார்ந்தது என்று பாருங்கள். லினக்ஸ் நினைவகத்தை, வழக்கமாக 4 கேபி அளவுப் பக்கங்களாகத் தருகிறது. நீங்கள் இடம் கேட்கும் நேரத்தில் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை. யார் அதில் முதலில் எழுதுகிறார்களோ அவர்கள் ஓடும் சாக்கெட்டின் நினைவகத்தில் ஒதுக்கப்படும்.

ஆகவே ஒரே பிராசஸில் 40 திரெட் ஓடும் நிரலில், முதல் திரெட் மட்டும் முழு அணியையும் (அரே) பூஜ்யமாக நிரப்பினால் அத்தனை பக்கமும் ஒரே வளவின் கிணற்றில். பிறகு 40 திரெட்டும் அங்கேயே வாளியோடு வரிசையில் நிற்கும். தீர்வு, நிரப்பும் சுற்றையும் இணைச் சுற்றாக்குவது. பின்னால் கணக்கிடும் சுற்றில் எந்தத் திரெட்டுக்கு எந்தப் பகுதி வருமோ, அதே ஸ்டாட்டிக் (முன்கூட்டியே நிலையாகப் பிரிக்கும்) பங்கீட்டில் நிரப்ப வேண்டும். மூல நிரலைத் தொட முடியாதவர்கள் நியூமாசிடிஎல் கட்டளையின் இன்டர்லீவ் தேர்வால் பக்கங்களை இரண்டு சாக்கெட்டிலும் மாறி மாறிப் போடலாம். அது பாதி மருந்துதான். அதைவிட, நூமா பகுதிக்கு ஒரு பிராசஸ் என்று பிரித்துக்கொள்வது பல நேரம் நல்ல பலன் தரும்.

வரிசை மென்பொருளோடு வரும் சிக்கல்கள்

1. வரிசை இல்லாத நோடில் இரண்டு பேர். இருவரும் உள்ளே நுழைந்து, எம்பிஐ நிரலைக் கிளப்பும் எம்பிஐரன் கட்டளையை ஆளுக்கு 4 பிராசஸோடு கொடுக்கிறார்கள், இருவரும் கோரில் கட்டச் சொல்கிறார்கள். ஒவ்வொரு எம்பிஐரனும் நோடு காலி என்றே நினைத்து ஒரே இடத்திலிருந்து கட்டத் தொடங்கும். நான்கு கோரில் எட்டு பிராசஸ், வேகம் பாதி, மீதி 36 கோர் தூங்கும். கட்டாமல் விட்டிருந்தால் இதைவிட நன்றாக ஓடியிருக்கும். இப்படிப் பகிரும் இயந்திரத்தில் சிபியு-செட் தேர்வால் ஆளுக்கு ஒரு பகுதி என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பைண்ட்-டு நன் (கட்டாதே) என்று கொடுங்கள். நிர்வாகி ஸ்லர்மில் சிகுரூப் (வேலைகளுக்கு வேலி போடும் லினக்ஸ் வசதி) கட்டுப்பாட்டை இயக்கிவைத்தால் பிரச்சினையே எழாது. ஒருவருக்கு ஒதுக்கிய கோரை மற்றவரின் வேலை தொடவே முடியாது.

2. ஸ்லர்ம் 22.05 பதிப்பில் வந்த மாற்றம். அதற்கு முன் எஸ்பேட்ச் கோப்பில் (வரிசைக்குக் கொடுக்கும் வேலைக் கோப்பு) சிபியுஸ்-பெர்-டாஸ்க் 10 என்று எழுதினால் உள்ளே வரும் எஸ்ரனும் அதையே எடுத்துக்கொள்ளும். 22.05 முதல் எடுத்துக்கொள்வதில்லை. பழைய கோப்பு பிழையின்றி ஓடும், ஆனால் பிராசஸுக்கு ஒரு கோர்தான் கிடைக்கும். எஸ்ரன் வரியிலும் அதே தேர்வை மறுபடி எழுதுங்கள், அல்லது எஸ்ரன்_சிபியுஸ்_பெர்_டாஸ்க் மாறிக்கு மதிப்பு கொடுங்கள். "மென்பொருளைப் புதுப்பித்த பிறகு எல்லாம் மெதுவாகிவிட்டது" என்ற புலம்பலில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

3. இரண்டு பேர் கட்டுவது. வரிசை மென்பொருள் ஒரு பக்கம் கட்ட, நிரலும் தானே கட்ட முனையும். மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் க்ரோமாக்ஸ் நிரலின் எம்டிரன் கட்டளைக்கு, கோரில் கட்டுவதற்கென்றே "பின்" என்ற சொந்தத் தேர்வு இருக்கிறது. ஒரே நோடில் இரண்டு க்ரோமாக்ஸ் ஓட்டினால் பின்ஆஃப்செட் கொடுத்து இரண்டாவதைத் தள்ளி வைக்க வேண்டும். கட்டும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும்.

கோர் எண்ணை நம்பலாமா

நம்பாதீர்கள். சில இயந்திரங்களில் 0–19 முதல் சாக்கெட், 20–39 இரண்டாவது. வேறு சிலவற்றில் இரட்டை எண்கள் ஒரு சாக்கெட், ஒற்றை எண்கள் மற்றொன்று. பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரல்) எண் போடும் விதம் அப்படி. பிராசஸைக் கோர்களில் கட்டும் டாஸ்க்செட் கட்டளையில் 0-9 என்று கொடுத்தால் முதல் வகையில் பத்தும் ஒரே வளவில் அமையும், இரண்டாம் வகையில் ஐந்து ஐந்தாகப் பிரியும். ஹைப்பர்திரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) இயங்கினால் 0-ம் 40-ம் ஒரே கோரின் இரண்டு முகங்களாக இருப்பது வழக்கம், 80 என்று காட்டுவதால் 80 அறை இருப்பதாக எண்ண வேண்டாம்.

எச்டபிள்யூலாக் தொகுப்பின் எல்எஸ்டோப்போ கட்டளை வீட்டின் வரைபடத்தையே போட்டுக் காட்டும். அதில் எல் எண், பி எண் என்று இரண்டு வரும். பி என்பது இயங்குதளம் தரும் எண், டாஸ்க்செட் கேட்பது அதைத்தான். எல் என்பது அமைப்பின் வரிசைப்படி எச்டபிள்யூலாக் தானே போடும் எண்.

நடந்தது என்ன என்று பார்ப்பது

1. நோடில் ஒருமுறை எல்எஸ்டோப்போ ஓட்டி வரைபடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். நுழைவு நோடில் ஓட்டினால் பயனில்லை, கணக்கு நோடின் அமைப்பு வேறாக இருக்கலாம்.
2. வேலையோடு ரிப்போர்ட்-பைண்டிங்ஸ் தேர்வைச் சேருங்கள். ஒவ்வொரு ராங்குக்கும் ஒரு வரி வரும். பல பதிப்புகளில், கட்டப்பட்ட இடத்தில் பி எழுத்து (பைண்ட் என்பதன் முதலெழுத்து), மற்ற இடங்களில் புள்ளிக்குறி. எஸ்ரனில் சிபியு-பைண்ட் தேர்வுக்கு வெர்போஸ் என்றும், இன்டெல் எம்பிஐயில் ஐ_எம்பிஐ_டீபக் மாறிக்கு 4 என்றும் கொடுத்தால் இதே தகவல் கிடைக்கும்.
3. ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டுமா? ப்ராக் அடைவில் அந்த பிராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, சிபியுஸ் அலவ்ட் லிஸ்ட் என்ற வரியைப் படியுங்கள். பிஎஸ் கட்டளையில் பிஎஸ்ஆர் என்ற பத்தி, இந்த நொடியில் அது எந்தக் கோரில் இருக்கிறது என்று சொல்லும். சில முறை ஓட்டிப் பார்த்தால் எண் குதிக்கிறதா என்று தெரிந்துவிடும்.
4. நியூமாஸ்டாட் கட்டளையில் பிராசஸ் எண்ணைக் கொடுத்தால் அதன் நினைவகம் எந்தெந்த நூமா பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்று வரும்.
5. பிறகு ஒரே உள்ளீட்டை மூன்று நான்கு அமைப்புகளில், ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை, பத்து நிமிடத்துக்குள் முடியும் சிறு கணக்காக ஓட்டி நேரம் பாருங்கள். ஒரே முறை ஓட்டி எடுத்த நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஏஎம்டி எபிக் நோடு என்றால்

சாக்கெட் என்ற அளவே இங்கே கரடுமுரடானது. எபிக் சிப்களின் இரண்டாம் தலைமுறையான ரோமில் 4 கோருக்கு 16 எம்பி மூன்றாம் நிலை கேஷ் பொது. மூன்றாம் தலைமுறையான மிலானில் 8 கோருக்கு 32 எம்பி. வளவுக்குள் சின்னச் சின்ன முற்றங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் என்பிஎஸ்4 என்று அமைத்தால் ஒரு சாக்கெட்டே நான்கு நூமா பகுதிகளாகத் தெரியும், இரட்டை சாக்கெட் நோடில் எட்டு. சாக்கெட் அளவில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மேப்-பை எல்3கேஷ் என்று கொடுத்து, பிராசஸுக்கு ரோமில் 4, மிலானில் 8 திரெட் என்று வைப்பது நல்ல தொடக்கம்.

கட்டாமல் விட வேண்டிய இடங்கள்

கோர்களைவிட பிராசஸ்கள் அதிகம் இருக்கும்போது கட்டினால் நெரிசல் ஒரே இடத்தில் உறைந்துவிடும். ஓப்பன் எம்பிஐயும் அந்த நிலையில் தானாகக் கட்டுவதில்லை. வேலை சமமாகப் பிரியாத நிரல்கள், நடுவில் துணை நிரல்களைக் கிளப்பும் பைதான் ஸ்கிரிப்டுகள் ஆகியவற்றுக்கும் ஒற்றைக் கோர்க் கட்டு ஆகாது. பைதானை ஒரே ராங்காக எம்பிஐரன் வழியாகக் கிளப்பினால், அது பெற்றெடுக்கும் 20 துணை பிராசஸும் அதே ஒரு கோரில்தான் பிறக்கும். அங்கே பைண்ட்-டு நன் போடுங்கள். ஒரு பிராசஸ் மட்டும் ஓடும், தரவு முழுவதும் கேஷுக்குள் அடங்கும் சின்னக் கணக்கு என்றால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், வித்தியாசம் கடிகாரத்தில் தெரியாது.